ஃபீட் ரீடரும் மின்னஞ்சல் தொகுப்பும்: படிக்க நினைத்ததைத் தவறவிடாமல் தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபீட் ரீடரை, அதாவது பல தளங்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் செயலியை, நிறுவியதும் பலரும் செய்கிற முதல் காரியம், நான்கைந்து பெரிய செய்தித் தளங்களை அதில் சேர்ப்பது. மறுநாள் காலையில் திறந்தால் படிக்காதவை முந்நூறு என்று காட்டும். மூன்றாம் நாள் எழுநூறு. ஒரு வாரத்தில் அந்தச் செயலியின் பக்கமே போக மனம் வராது. கருவியில் குறையில்லை, எதை எங்கே போடுவது என்ற கணக்குத்தான் தலைகீழாகப் போய்விட்டது. நாளுக்கு நூறு செய்தி போடும் தளத்தை நீங்கள் தொடராவிட்டாலும் முக்கியமான செய்தி எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறவர் எழுதியது அப்படி வராது. அவருக்காகத்தான் ஃபீட் ரீடர்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கை ஒட்டியே போகும்: ஒரு தளம் எவ்வளவு அடிக்கடி எழுதுகிறது என்பதைப் பார்த்து, அதை ரீடரில் வைப்பதா, மின்னஞ்சலுக்கு அனுப்புவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்வது.

ஓடைக்குள் என்ன இருக்கிறது

ஃபீட் என்பதற்குத் தமிழ் வலைப்பதிவர்கள் தொடக்க காலத்திலேயே செய்தியோடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுருக்கமாக ஓடை. அது தளத்தின் ஒரு மூலையில் இருக்கும், மென்பொருள் படிப்பதற்கான எக்ஸ்எம்எல் கோப்பு, அவ்வளவுதான். அண்மையில் வந்த இடுகைகளின் தலைப்பு, தேதி, சுட்டி, சுருக்கம் அல்லது முழு உரை, ஒவ்வோர் இடுகைக்கும் ஓர் அடையாளக் குறி ஆகியவை அதில் இருக்கும். 1999-இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் என்ற வடிவம் இதன் தொடக்கம். இன்று பெரும்பாலும் காண்பது 2002-இல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0, 2005-இல் தரமாக்கப்பட்ட ஆட்டம் (அணு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற இரண்டும். ரீடர்கள் இரண்டையும் படிக்கும். ஒரு தளம் இரண்டையும் கொடுத்தால் ஆட்டத்தை எடுங்கள். அடையாளக் குறியும் புதுப்பித்த நேரமும் ஆட்டத்தில் கட்டாயம், ஆர்எஸ்எஸ்ஸில் இரண்டும் விருப்பம். பின்னால் வரும் பல கோளாறுகளுக்கு இந்த இரண்டும் இல்லாததுதான் வேர்.

இரண்டு விஷயங்களை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஓடை தானாக உங்களிடம் வருவதில்லை. ரீடர்தான் குறிப்பிட்ட இடைவெளியில் போய், புதிதாக ஏதும் உண்டா என்று கேட்டு வருகிறது. (வெப்சப் என்ற நெறிமுறையை ஆதரிக்கும் தளமும் ரீடரும் சேர்ந்தால் மட்டும் இடுகை வெளியான உடனே தகவல் வரும்.) இரண்டாவது, ஓடையில் கடைசிச் சில இடுகைகள்தாம் இருக்கும். வேர்ட்பிரஸ் இயல்பாக 10 வைக்கிறது, யூடியூப் 15, பிளாகர் 25. நாளுக்கு நாற்பது இடுகை போடும் வேர்ட்பிரஸ் தளத்தை ரீடர் நாளுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்தால் முப்பது இடுகைகள் சுவடே இல்லாமல் போய்விடும். ரீடர் எதையோ விழுங்கிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

முதலில் பட்டியல், பிறகு செயலி

செயலியைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் தொடர விரும்பும் தளங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் முகப்பையும் திறந்து, கடைசிப் பத்து இடுகைகளின் தேதியைப் பாருங்கள். பத்தும் ஒரே நாளில் வந்தவையா, ஒரு மாதத்திலா, ஒரு வருடத்திலா? அதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

வாரத்துக்கு ஐந்துக்குள் எழுதும் தளங்கள் எல்லாம் அப்படியே ரீடருக்குப் போகலாம். நாளுக்கு ஐந்து முதல் முப்பது வரை என்றால் முழுத் தளத்தைச் சேர்க்காமல் உங்களுக்கு வேண்டிய பிரிவின் ஓடையை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் நாளுக்கு ஒருமுறை வரும் மின்னஞ்சல் தொகுப்புக்கு அனுப்புங்கள், அல்லது பட்டியலிலிருந்து அடியுங்கள். அடிக்கத் தயங்க வேண்டாம். தொடக்கத்தில் பதினைந்து ஓடைகள் போதும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். எந்த ஓடை உங்கள் நேரத்தைத் தின்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

எந்த ரீடர்

ரீடர்கள் இரண்டு வகை. ஒன்று உங்கள் கருவியிலேயே இயங்கி, அங்கிருந்தே ஓடைகளைப் போய் எடுத்து வருவது. மற்றது ஏதோ ஒரு சர்வரில் இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்து, எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே நிலையைக் காட்டுவது.

முதல் வகையில் ஆண்ட்ராய்டுக்கு ஃபீடர், மேக்கிலும் ஐபோனிலும் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்ட், லினக்ஸ் முனையத்திலேயே வாழ்கிறவர்களுக்கு நியூஸ்போட். எல்லாம் இலவசம், திறமூலம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது வேறு நிறுவனத்துக்குப் போவதும் இல்லை. குறை என்னவென்றால், கருவி அணைந்திருக்கும் நேரத்தில் ஓடையிலிருந்து நழுவிப்போன இடுகை திரும்பி வராது. மாதத்துக்கு இரண்டு எழுதும் பதிவருக்கு இது பொருட்டே இல்லை. செய்தித் தளங்களுக்குத்தான் பொருட்டு.

இரண்டாம் வகையில் ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்ட் ரீடர் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இலவசக் கணக்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு: ஃபீட்லியில் 100 ஓடைகள், இனோரீடரில் 150, நியூஸ்பிளரில் 64. வரம்புகள் மாறக்கூடியவை, சேரும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்தில் தொடங்குகிறவருக்கு இதில் எதுவும் தடையல்ல. இலவசக் கணக்கில் உண்மையான இடைஞ்சல் வேறு: குறைவான பேர் தொடரும் ஓடைகளை இந்தச் சேவைகள் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் நண்பர் காலையில் எழுதியது மாலையில் வந்து சேரலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை.

சொந்தமாக ஒரு சர்வரோ, வீட்டில் எப்போதும் ஓடும் சிறு கணினியோ வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் இரண்டும் நல்ல தேர்வு. இவை 2013-இல் மூடப்பட்ட கூகுள் ரீடர் என்ற பழைய சேவை பேசிய அதே மொழியில் பேசத் தெரிந்தவை. எனவே கைப்பேசியில் வேறு அழகான செயலியை வைத்து இவற்றோடு இணைத்துக்கொள்ளலாம்.

தண்டர்பேர்டை மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்குத் தனிச் செயலியே வேண்டாம். புதிய கணக்கு உருவாக்கும் பட்டியில் ஃபீட் கணக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பெயர் கொடுங்கள், பிறகு அந்தக் கணக்கின் மேல் வலச்சொடுக்கிச் சந்தாக்கள் என்பதைத் திறந்து முகவரியை ஒட்டுங்கள். இயல்பாக 100 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். அதைக் கணக்கு அமைப்பில் மாற்றலாம். முப்பது நிமிடத்துக்குக் கீழே இறக்காதீர்கள். காரணம் கோளாறுகள் பகுதியில் இருக்கிறது.

ஓடையின் முகவரியைக் கண்டுபிடிப்பது

பாதித் தளங்களுக்கு இந்த வேலையே கிடையாது. தளத்தின் முகப்பு முகவரியை நகலெடுத்து, ரீடரின் சேர்க்கும் பெட்டியில் ஒட்டினால் அது தானே மோப்பம் பிடித்துவிடும். பக்கத்தின் தலைப்பகுதி நிரலில் ஓடை இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்திருப்பார்கள், ரீடர் அதைப் படிக்கிறது. ஒன்றுக்கு மேல் காட்டினால் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஒன்று இடுகைகளின் ஓடை, மற்றது பின்னூட்டங்களின் ஓடை. தவறி இரண்டாவதை எடுத்துவிட்டால் இடுகை ஒன்றுகூட வராது, கருத்துச் சண்டை மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

ரீடர் கைவிரித்தால், தளம் எந்தக் கருவியில் கட்டப்பட்டது என்று பார்த்து நீங்களே ஊகிக்கலாம். கீழே வரும் சொற்களை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்தில் முகவரியின் முடிவில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று சேர்த்தால் போதும். இதில் ஒரு வசதி: எந்தப் பிரிவின், குறிச்சொல்லின், எழுத்தாளரின் பக்கத்துக்கும் இதே விதி செல்லும். பிரிவுப் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, ஃபீட். அந்தப் பிரிவு மட்டும் வரும். நாளுக்கு முப்பது இடுகை போடும் தளத்தை நாளுக்கு இரண்டாகக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை. சப்ஸ்டாக்குக்கும் அதே சொல்தான். கோஸ்டிலும் டம்ப்ளரிலும் ஃபீட் என்ற சொல்லுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் என்ற மூன்று எழுத்து.

பிளாகர் தளம் என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களையும் சாய்கோட்டால் பிரித்து அதே வரிசையில் சேர்க்கவும். ஒரே ஒரு குறிச்சொல்லின் கீழ் வருபவை மட்டும் வேண்டுமா? டிஃபால்டுக்குப் பின் சாய்கோடு, ஒரு சிறு கோடு, மறுபடி சாய்கோடு, பிறகு குறிச்சொல். குறிச்சொல் தமிழில் இருந்தால் நகலெடுக்கும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட வாலாக மாறித் தெரியும். பயப்பட வேண்டாம், அது அதே தமிழ்ச் சொல்தான். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. நடுவில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டாலும் ஓடை கிடைக்காது என்பதால் கையால் தட்டாமல் முகவரிப் பட்டையிலிருந்து முழுதாக நகலெடுங்கள்.

மீடியத்தில் மட்டும் வரிசை மாறும். ஃபீட் என்ற சொல் எழுத்தாளரின் பெயருக்கு முன்னால், தள முகவரிக்கு அடுத்து வரவேண்டும். மாஸ்டடானில் ஒருவரின் பக்க முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ். ரெடிட் குழுக்களுக்கும் அதே புள்ளி ஆர்எஸ்எஸ். கிட்ஹப்பில் ஒரு மென்பொருளின் வெளியீடுகள் பக்கத்தின் முடிவில் புள்ளி ஆட்டம் என்று சேர்த்தால் புதிய பதிப்பு வரும்போது தெரிந்துவிடும்.

யூடியூப் அலைவரிசைக்குப் பெரும்பாலான ரீடர்களில் அலைவரிசைப் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே போதும். அலைவரிசைப் பெயரை மட்டும் தட்டினால் வேலைக்காகாது. ஓடைக்கு வேண்டியது யூ, சி என்ற இரு பெரிய எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்து அடையாளம். ரீடர் அதைத் தானாகத் தேடிக்கொள்ளாவிட்டால், அலைவரிசையின் அறிமுகப் பகுதியில் பகிர் பொத்தானை அழுத்தி, அலைவரிசை அடையாளத்தை நகலெடு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றில் எதற்கும் மசியாத தளத்துக்குக் கணினி உலாவியில் கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி மூல நிரலைத் திறந்து, ஆர்எஸ்எஸ் என்றும் பிறகு ஆட்டம் என்றும் தேடுங்கள். இரண்டும் அகப்படாவிட்டால் அநேகமாக ஓடை இல்லை. முகவரி கிடைத்ததும் உலாவியிலேயே ஒருமுறை திறந்துபாருங்கள். குறியீடுகள் நிறைந்த கரடுமுரடான பக்கமோ, கோப்பைப் பதிவிறக்கவா என்ற கேள்வியோ வந்தால் அதுதான் சரியான ஓடை. ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் தன் ஓடை வசதியை எடுத்துவிட்ட பிறகு இந்தக் கரடுமுரடைப் பார்த்து, தளம் பழுது என்று திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

கோப்புறைகளை வேகத்தைக் கொண்டு பிரியுங்கள்

அரசியல், தொழில்நுட்பம், இலக்கியம் என்று பொருளை வைத்துப் பிரிப்பதுதான் கை பழகிய முறை. அதில் ஒரு சிக்கல்: அரசியல் கோப்புறையில் நாளுக்கு இருபது போடும் தளம், மாதத்துக்கு ஒன்று எழுதுகிறவரைப் புதைத்துவிடும். கோப்புறையை வேகத்தைக் கொண்டு பிரித்தால் இது நேராது.

மூன்று கோப்புறை போதும். அரிதாக எழுதுகிறவர்கள் முதலாவதில். அதில் ஒன்றையும் படிக்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குச் சில எழுதுபவை இரண்டாவதில்; தலைப்பைப் பார்த்துத் தேர்ந்து படிக்கலாம். பிரிவு ஓடைகளும் அறிவிப்புப் பலகைகளும் மூன்றாவதில். அதைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். மூன்றாவதுக்கு மட்டும், இத்தனை நாளுக்கு மேல் பழையது தானாகப் படித்ததாகட்டும் என்ற அமைப்பு உங்கள் ரீடரில் இருந்தால் மூன்று நாள் என்று வையுங்கள். படிக்காதவை எத்தனை என்ற எண்ணைக் காட்டுவதையும் அந்தக் கோப்புறைக்கு நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த எண் உங்களைக் கடன்காரனைப் போல உணரவைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

வடிகட்டி வைக்கும் வசதி இருந்தால், வேண்டாத சொல் தலைப்பில் வரும் இடுகையைப் படித்ததாகக் குறிக்கச் சொல்லலாம். அழிக்கச் சொல்லாதீர்கள். தமிழில் சொல் ஒட்டுகளோடு வரும் என்பதால் வடிகட்டிக்கு முழுச் சொல்லைக் கொடுத்தால் நழுவிப்போகும், வேர்ச்சொல்லைக் கொடுத்தால் வேண்டியதும் சேர்ந்து மாட்டும். படித்ததாகக் குறித்தவற்றை ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் வடிகட்டி எங்கே தப்பு செய்கிறது என்று தெரியும்.

மின்னஞ்சல் தொகுப்பு எப்போது நல்லது

ரீடரைத் தனியாகத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு வராது என்றால் மின்னஞ்சலே நல்லது. நாளுக்கு ஒருமுறை, ஒரே மடலில், தலைப்புகள் மட்டும். இதை மூன்று வழியில் பெறலாம்.

தளமே கொடுக்கும் மடல் முதல் வழி. முகவரியைக் கொடுத்ததும் உறுதிசெய்யச் சொல்லி ஒரு மடல் வரும். அதிலுள்ள சுட்டியை அழுத்தும்வரை சந்தா தொடங்காது. வரவில்லை என்றால் ஸ்பேமிலும், ஜிமெயிலில் விளம்பரங்கள் தத்தலிலும் தேடுங்கள். பழைய வலைப்பதிவுகளின் ஓரத்தில் மின்னஞ்சலில் பெற என்று இன்னும் ஒரு பெட்டி நின்றுகொண்டிருக்கலாம். அது ஃபீட்பர்னர் வழியாக இயங்கியது என்றால், அந்தச் சேவை 2021 ஜூலையில் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பெட்டியில் முகவரி கொடுத்துக் காத்திருந்து பயனில்லை.

ஓடையை மடலாக மாற்றித் தரும் சேவைகள் இரண்டாவது வழி. பிளாக்டிராட்டர், ஃபீட்ராபிட் போன்றவற்றில் ஓடை முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுத்து, வந்ததும் அனுப்பவா, தொகுத்து அனுப்பவா என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போதும் தொகுப்பையே தேர்ந்தெடுங்கள். வந்ததும் அனுப்பு என்று விட்டால் ரீடரில் நடந்த அதே வெள்ளம் அஞ்சல்பெட்டிக்கு வரும், அங்கே வங்கி மடலும் அலுவலக மடலும் அதற்கடியில் போய்விடும்.

மூன்றாவது, கூகுள் அலர்ட்ஸ். ஒரு சொல்லையோ பெயரையோ கொடுத்தால் அது வரும் புதிய பக்கங்களைத் திரட்டி அனுப்பும். நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். மின்னஞ்சலுக்குப் பதில் ஓடையாகவும் பெறலாம். பல சொற்கள் சேர்ந்த பெயரை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் சம்பந்தமில்லாத பக்கங்கள் குவியும்.

சந்தாக்களைத் தொடங்கும் முன்பே அஞ்சல்பெட்டியைத் தயார்செய்துகொள்வது நல்லது. ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்த முகவரிக்கு அனுப்பினாலும் உங்களுக்கே வரும். எல்லா மடல்களுக்கும் அந்த வால் முகவரியையே கொடுங்கள். பிறகு ஜிமெயிலின் தேடல் பெட்டியின் வலக்கோடியில் உள்ள குறியை அழுத்தி, பெறுநர் கட்டத்தில் வால் முகவரியை இட்டு, வடிகட்டி உருவாக்கு என்பதற்குப் போங்கள். இன்பாக்ஸைத் தவிர், லேபிள் இடு, ஸ்பேமுக்கு அனுப்பாதே என்ற மூன்றையும் தேர்ந்தெடுங்கள். இனி மடல்கள் தனி லேபிளில் சேரும், நேரம் கிடைக்கும்போது நீங்களாகப் போய்ப் படிக்கலாம். சில தளங்களின் படிவம் கூட்டல் குறியை ஏற்காது. அவற்றுக்கு மட்டும் அனுப்புநரை வைத்துத் தனி வடிகட்டி.

தமிழ்த் தொகுப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு தொல்லை: மடல் பாதியிலேயே முடிந்து, முழுதும் பார்க்க என்ற சுட்டி நிற்கும். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மடலை வெட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ் எழுத்து மூன்றோ ஆறோ பைட் என்பதால் அதே நீளமுள்ள தமிழ் மடல் வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும். தொகுப்பில் முழு உரைக்குப் பதில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் என்று மாற்றினால் தீரும். அந்த வசதி இல்லாவிட்டால் ஒரு தொகுப்பில் சேரும் ஓடைகளை இரண்டாகப் பிரியுங்கள்.

மடலை ஓடையாக்குதல்

மின்னஞ்சலில் மட்டும் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களை ரீடரில் படிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த மடல் சப்ஸ்டாக், கோஸ்ட் போன்ற தளத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஓடை ஏற்கெனவே இருக்கிறது, கட்டணப் பதிவுகளுக்கு மட்டும் அதில் முன்னோட்டம்தான் வரும். இல்லாவிட்டால் கில் தி நியூஸ்லெட்டர் என்ற இலவசச் சேவை ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதற்கு இணையான ஓர் ஓடையும் உருவாக்கித் தரும். ஓடையை முதலில் ரீடரில் சேர்த்துவிட்டு, பிறகு அந்த முகவரியைக் கொடுத்து மடலுக்குச் சந்தா கட்டுங்கள். உறுதிசெய்யும் மடலும் ஓடையில் ஓர் இடுகையாகத்தான் வரும் என்பதால் இந்த வரிசை முக்கியம். அந்த ஓடை முகவரியை வெளியே பகிராதீர்கள். கையில் கிடைத்தவர் உங்கள் மடல்களைப் படிக்கலாம், உங்கள் சந்தாவை நிறுத்தவும் செய்யலாம்.

ஓடையே இல்லாத தளங்களுக்கு ஆர்எஸ்எஸ் பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ் ஹப் போன்ற கருவிகள் பக்கத்தைப் படித்து ஓடையாக வடித்துத் தருகின்றன. தளத்தின் வடிவமைப்பு மாறிய அன்றே இவை நின்றுவிடும், அறிவிப்பும் வராது. இன்றியமையாத ஒன்றிரண்டு தளங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன கெடும், ஏன்

ஒரு ஓடை திடீரென்று மௌனமாகிவிட்டால் முதலில் தளத்தைத் திறந்து, எழுதுகிறவரே நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். அரிதாக எழுதுகிறவர்களிடம் இதுதான் அடிக்கடி. அங்கே புதிய இடுகை இருந்தும் ரீடரில் இல்லாவிட்டால், ஓடையின் பண்புகள் பகுதியில் பிழை எண் தெரியும். 404 என்றால் முகவரி மாறிவிட்டது, மறுபடி தேடிச் சேர்க்க வேண்டும். 410 என்றால் நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். 403 என்றால் தளத்தின் முன் நிற்கும் காவல் மென்பொருள் உங்கள் ரீடரை இயந்திரத் திருடன் என்று நினைத்துத் துரத்துகிறது. இதை உங்கள் பக்கம் சரிசெய்வது கடினம். தள உரிமையாளருக்கு எழுதுங்கள், ஓடை முகவரியை மட்டும் காவலிலிருந்து விலக்க அவரால் முடியும்.

429 வந்தால் தவறு நம்முடையது: அளவுக்கு மேல் அடிக்கடி கதவைத் தட்டுகிறோம். மாதத்துக்கு இரண்டு எழுதும் தளத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் மாதத்துக்கு 8,640 தட்டல்கள். நல்ல ரீடர் சென்ற முறை வாங்கிய குறியைக் காட்டி, மாற்றம் உண்டா என்று மட்டும் கேட்கும். இல்லை என்றால் சர்வர் 304 என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடும். எல்லா ரீடரும் இந்த மரியாதையைக் கடைப்பிடிப்பதில்லை. ஒரு மணி நேர இடைவெளி எந்த வலைப்பதிவுக்கும் போதும்.

பழைய இடுகைகள் எல்லாம் ஒரே நாளில் புதியவை போல மறுபடி வந்து குவிந்தால், தளம் முகவரியை மாற்றியிருக்கிறது, அல்லது வேறு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அடையாளக் குறிகள் மாறியதால் ரீடருக்கு எல்லாமே புதுசு. அந்த ஓடையை மட்டும் முழுதாகப் படித்ததாகக் குறித்துவிட்டு நகருங்கள். ஒரே இடுகை தினமும் இரட்டிப்பாக வந்தால் ஒரே தளத்தின் ஆர்எஸ்எஸ், ஆட்டம் இரண்டையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் எழுதிய ஓடையை வேறு குறியாக்கம் என்று சர்வர் தவறாக அறிவிக்கிறது. ரீடரில் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ஓடை அடியோடு திறக்கவில்லை, எக்ஸ்எம்எல் பிழை என்கிறது என்றால் வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி நடத்தும் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுங்கள். எந்த வரியில் கோளாறு என்று அது சொல்லும். வேர்ட்பிரஸ் தளங்களில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி, கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஏதோ ஒரு செருகுநிரல் விட்டுவைத்த வெற்று வரி. பதிவருக்கு அந்த முடிவையே அனுப்பினால் திருத்துவது எளிது.

மூன்று வரியோடு நின்று மேலும் படிக்க என்கிற ஓடைகள் கோளாறல்ல. தளத்தார் சுருக்கம் மட்டும் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஃபீடர், மினிஃப்ளக்ஸ் போன்றவற்றில் அந்த ஓடைக்கு மட்டும் முழுக் கட்டுரையையும் எடு என்று சொல்லலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பது அப்போதும் வராது.

கைப்பேசிச் செயலி பின்னணியில் புதுப்பிக்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் பேட்டரி சிக்கனத்தினுடையது. ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடற்றது என்று மாற்றுங்கள். வைஃபையில் மட்டும் புதுப்பி என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மடல் பக்கத்தில் ஒரே எச்சரிக்கை. நீங்களே கட்டிய சந்தாவை நிறுத்த, மடலின் மேல் பக்கம் ஜிமெயில் காட்டும் சந்தாவை நீக்கு பொத்தானே நல்லது. கேட்காமலே வந்த குப்பை மடலின் அடியிலுள்ள நீக்கு சுட்டியை அழுத்தாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொன்னதாகிவிடும். ஸ்பேம் என்று குறித்தால் போதும்.

பட்டியலைக் காப்பது

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டபோது அதையே நம்பியிருந்தவர்கள் தப்பியது ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பினால். உங்கள் ஓடைகளின் பெயர், முகவரி, கோப்புறை எல்லாம் அதில் அடங்கிவிடும். ஏறக்குறைய எல்லா ரீடர்களும் அதை ஏற்றுமதியும் இறக்குமதியும் செய்யும். அமைப்புகளில் ஏற்றுமதி என்பதைத் தேடி மாதத்துக்கு ஒருமுறை, பெயரில் தேதி போட்டுச் சேமியுங்கள். நூறு ஓடைகளுக்கும் சில பத்து கேபிதான் வரும். இரண்டு விஷயம் அதில் போகாது: எதைப் படித்தீர்கள் என்ற கணக்கும், நட்சத்திரமிட்டுச் சேமித்த இடுகைகளும். சேமித்தவை முக்கியம் என்றால் அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

அதே நாளில் பட்டியலைக் களையெடுக்கவும் செய்யலாம். வேகமான கோப்புறையில் ஒரு மாதமாக ஒருமுறைகூடத் திறக்காத ஓடையை நீக்குங்கள். அரிதாக எழுதுகிறவர்களின் கோப்புறையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு வருடம் மௌனமாக இருக்கும் ஓடை உங்கள் நேரத்தில் ஒரு நொடியும் எடுப்பதில்லை, அவர் மறுபடி எழுத உட்காரும் நாளில் முதல் வரிசையில் வந்து நிற்கும்.